இரத்தினபுரிக்கு ஒரு ஞாயிறு

சம்பளம் கைக்கு வந்த பிறகு வரும் ஞாயிறு, இரத்தினபுரிப் பக்கத்துத் தோட்டக் குடும்பங்களுக்கு டவுனுக்குப் போகிற நாள். கருவாடும் பருப்பும் மாசித் துண்டும் பைக்குள் போன பிறகே சுற்றிப்பார்க்க மனசு வரும்.

சந்தையின் சிறப்பு கித்துள் கருப்பட்டி. கித்துள் மரத்தின் பூங்குலையைச் சீவி இறக்கும் பதநீரைக் காய்ச்சினால் முதலில் பாணி. இன்னும் வற்றவிட்டால் கருப்பட்டி. சிரட்டையில் ஊற்றி இறுகவைப்பதால் அரைவட்ட வடிவம். சீனி கலந்ததா என்று அம்மாமார் முகர்ந்து பார்ப்பார்கள். ஒரு சில்லைக் கிள்ளி நாக்கில் வைப்பார்கள். நல்ல கருப்பட்டியில் இனிப்போடு லேசான புகைவாசமும் இருக்கும். வெறுந்தேநீருக்கு அதைக் கடித்துக் குடிப்பதே முறை.

மாணிக்க வியாபாரத் தெருவில் காகித மடிப்புகளுக்குள் கற்கள் கைமாறுவதைப் பிள்ளைகள் வாய்பிளந்து பார்ப்பார்கள். "அப்பா, இது எவ்வளவு?" என்றால், "நம்ம பேருக்கு எழுதல, வா" என்று சிரிப்பு.

அடுத்தது மகா சமன் தேவாலயம். போர்த்துக்கேயர் பழைய ஆலயத்தை இடித்தார்கள். பின்னால் மீண்டும் எழுந்தது இப்போதுள்ளது. வீழ்ந்த சிங்கள வீரன்மேல் போர்த்துக்கேயன் நிற்கும் சிற்பக்கல் இன்றும் அங்கே உண்டு. சமன், சிவனொளிபாதமலையின் காவல் தெய்வம். அந்த மலைக்கு ஏறும் தோட்டத்து மக்களுக்கு இந்த வாசல் அந்நியமில்லை.

மாணிக்கம்தான் ஊருக்குப் பெயர் தந்தது. ஆனால் ஒரு குடும்பம் காசு கொடுத்து, ருசித்து, வீட்டுக்குக் கொண்டுபோகக்கூடிய இரத்தினபுரி அந்தக் கருப்பட்டிதான்.