யாருக்காக இந்த இரகசியம்?

ரௌலிங் அம்மையார் எழுதிய ஹாரி பாட்டர் நாவல்களை நம் பிள்ளைகள் விரும்பிப் படிக்கின்றனர். மாயாஜாலக் கதைகள்தாமே என்று அவற்றை ஒதுக்கிவிடுதல் தகாது. அக்கதையுலகில் 1692 முதல் இரகசியச் சட்டம் ஒன்று நடைமுறையில் உள்ளது. மந்திரம் அறிந்தோர் ஏனைய மாந்தரின் கண்ணில் படாமல் வாழவேண்டும் என்பதே அது. அச்சத்தில் பிறந்த சட்டமாதலால் அதன்மீது நமக்கு இரக்கமே உண்டாகிறது. ஆயினும், அந்தத் திரைக்குள் நிகழ்வது என்ன? குலத்தூய்மை பேசும் குடும்பங்கள் ஒருபுறம். கூலியின்றி ஊழியம் செய்யும் வீட்டுக் குறளிகள் மறுபுறம். எசமானின் இரகசியத்தைக் காப்பது குறளியின் கடமை. அவன் கையால் ஆடை ஒன்று கிடைத்தாலன்றி அதற்கு விடுதலை இல்லை. 1998இல் வெளிவந்த இரண்டாம் நாவலில், டாபி என்னும் குறளி ஒற்றைக் காலுறையால் விடுதலை பெறுகிறது.

ஆடைக்கும் அடிமைத்தனத்துக்கும் உள்ள இந்த உறவு, காஞ்சிபுரத்தை அறிந்த நமக்குப் புதிதன்று. பிரியதர்ஷன் இயக்கிய ‘காஞ்சிவரம்’ திரைப்படம் 2007ஆம் ஆண்டுக்கான தேசிய விருது பெற்றது. அதில் பிரகாஷ் ராஜ் ஏற்ற வேங்கடம் என்னும் நெசவாளி, ஊருக்கெல்லாம் பட்டு நெய்பவன். தன் மகளின் மணத்துக்குப் பட்டுச்சேலை தருவதாக வாக்களித்த அவன், பட்டிழையை வாயில் அடக்கிக் கொணர்ந்து மறைவில் நெய்கிறான். நியாயக் கூலிக்காகத் தோழரைத் திரட்டியவனே, சேலை முடியவேண்டும் என்பதற்காக வேலைநிறுத்தத்தைக் கைவிடத் துணிகிறான். இறுதியில் அந்தக் குறைச்சேலை மகளின் சடலத்தை மூடவும் போதவில்லை.

இரண்டையும் ஒப்பிட்டால் ஓர் உண்மை புலனாகும். வலியவரின் மறைவுக்குச் சட்டம் என்று பெயர். எளியவனின் மறைவுக்குத் திருட்டு என்று பெயர். ரௌலிங்கின் நாவல்களில் ஒரு குறையும் காண்கிறோம். டாபி தப்புகிறது, மற்றக் குறளிகளோ அடிமைத்தனத்தை விரும்புவனவாகவே காட்டப்பெறுகின்றன. அவற்றுக்காகக் குரல் எழுப்பும் ஹெர்மயனி நகைப்புக்கு ஆளாகிறாள். பிரியதர்ஷனோ நம்மை நகைக்க விடுவதில்லை. தந்தையின் அன்பேயாயினும், மறைவில் ஒதுங்கும்போது அது தோழமையை முறித்துவிடுகிறது என்று காட்டுகிறார். நமக்கு இதுவே பெரிய பாடமாகப் படுகிறது.

கூலிக்காரருக்குக் கொடாமல் பிடித்துவைத்த கூலி கூக்குரலிடுகிறது என யாக்கோபின் திருமுகம் எச்சரிக்கிறது. திருமணத்துக்குப் பட்டெடுக்கச் செல்லும் நாம், விலையைக் கேட்கிறோம், சரிகையைப் பார்க்கிறோம். நெய்தவருக்குக் கிடைத்த கூலி என்ன என்றும் ஒருமுறை கேட்போமாக. அந்தக் கேள்விக்கு வெளிப்படையாக விடை கிடைக்கும் நாளில்தான் வேங்கடங்களுக்கு இரகசியம் தேவைப்படாது.