வெற்றித்தூணும் வண்டலும்: 'மீட்பு' என்ற சொல்லை முன்வைத்துச் சில குறிப்புகள்

'மீட்பு' என்பது நம்மிடையே கேள்விக்கு அப்பாற்பட்ட நல்ல சொல்லாக உலவுகிறது. மொழி மீட்பு, வரலாற்று மீட்பு, இப்போது நீர்நிலை மீட்பு. மீட்கப்படுவது எது, யாரிடமிருந்து, யாருக்காக, எந்தக் காலத்து நிலைக்கு என்கிற நான்கு கேள்விகளை இச்சொல் தன் ஓசையாலேயே அமுக்கிவிடுகிறது. கங்கைகொண்ட சோழபுரத்துச் சோழகங்கம், அதாவது ஊர்ச்சனங்கள் வாயில் வழங்கும் பொன்னேரி, இக்கேள்விகளைத் திரும்பவும் எழுப்பிப் பார்க்க ஏற்ற இடம்.

முதலில் இந்த ஏரியை ஒரு பிரதியாக வாசிப்போம். கங்கைப் படையெடுப்பில் தோற்ற அரசர்களைச் சுமக்கவைத்துக் கொண்டுவந்த நீரைக்கொண்டு முதலாம் இராசேந்திரன் 'நீராலான வெற்றித்தூண்' ஒன்றை நாட்டினான் என்கிறது திருவாலங்காட்டுச் செப்பேட்டின் வடமொழிப் பகுதி. தூண் என்ற உருவகத்தின் அரசியல் கவனத்திற்குரியது. தூணை அண்ணாந்து பார்க்கலாம். அதிலிருந்து வயலுக்கு மடை திறக்க முடியாது. மண் சுமந்தவர்களும் மடை காத்தவர்களும் இந்த உருவகத்துக்குள் நுழைய வழியே இல்லை. சுற்றியுள்ள ஊர்ப்பெயர்களோ வேறொன்றைச் சொல்கின்றன: ஆயுதக்களம், உட்கோட்டை, மெய்க்காவல்புத்தூர். இது ஒரு படைநகரத்தின் ஏரி. 1279 வாக்கில் சோழர் ஆட்சி முடிந்தது, படை கலைந்தது. ஏரி மட்டும் உழவர் கையில் மிஞ்சியது.

1855இல் சென்னையில் வெளியான தென்னிந்திய கெசட்டியர், ஏறத்தாழ 16 மைல் நீளக் கரையையும், உள்ளே அடர்ந்துவிட்ட காட்டையும் பதிவு செய்கிறது. ஏதோ ஒரு படையெடுப்பின் கொடுமையால் ஏரி பாழானது என்ற செவிவழிச் செய்தியையும் சேர்த்துத் தருகிறது. ஆக, ஆக்கியதும் படை, அழித்ததும் படை! பெருங்கதையாடலுக்கு இது வெகு வசதி. ஆனால் ஓர் ஏரியைக் கொல்லப் படை தேவையில்லை. வரத்து வாய்க்கால் மேடேறி, குடிமராமத்துக்கு ஆள் சேராமல், வண்டலைத் தொடர்ந்து பத்து வருஷம் எடுக்காமல் விட்டால் போதும். அதே கெசட்டியர் சொல்லும் இன்னொரு செய்தி: 1836இல் கீழணை கட்டுவதற்காகக் கோயிலின் கருங்கல் மதிலைப் பெயர்த்தெடுத்தார்கள், ஊரார் தடுக்கப் பார்த்தும் பலிக்கவில்லை, செங்கல்லில் கட்டித் தருகிறோம் என்ற வாக்குறுதியும் காற்றில் போயிற்று. ஒரு நீர்ப்பணிக்காக இன்னொரு காலத்தின் கல்லை உரித்தது 'வளர்ச்சி'. இன்று அதே இடத்தில் நடப்பதற்குப் பெயர் 'மீட்பு'.

2025 ஜூலையில் ஆடித் திருவாதிரையை ஒட்டி இரண்டு அரசுகளும் இவ்வூருக்குக் கவனத்தைத் திருப்பின. மாநில அரசு, ஏரியையும் வாய்க்கால்களையும் சீரமைக்க 12 கோடி ரூபாயும், சுற்றுலா வசதிகளுக்கு 7.25 கோடியும் அறிவித்தது. ஜூலை 27 அன்று பிரதமர் வந்து இராசேந்திரன் நினைவு நாணயம் வெளியிட்டார். தில்லிக்கும் சென்னைக்கும் ஆயிரம் சண்டை. வெற்றித்தூண் விஷயத்தில் மட்டும் இரண்டு பேருக்கும் ஒரே குரல். தூர்வார வேண்டாம் என்று யாரும் சொல்லப்போவதில்லை. ஏரி நிறைந்தால் நல்லதுதானே என்று கேட்டால், நல்லதுதான். நிறைந்த ஏரி யாருடையது என்பதுதான் அடுத்த கேள்வி.

இங்கே வெளியுலக உதாரணம் ஒன்று உதவும். அமெரிக்காவில், சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவின் வடகரையில் ஹாமில்டன் என்றொரு ராணுவ விமானதளம் இருந்தது. அலையேறும் சதுப்பை 19ஆம் நூற்றாண்டில் கரை போட்டு அடைத்து வயலாக்கினார்கள். 1930களில் அதன்மேல் ஓடுபாதை வந்தது. பிறகு ராணுவம் வெளியேறியது. 2014இல் கரையை உடைத்துக் கடலை உள்ளே விட்டார்கள். வெறுமனே உடைத்திருந்தால் சதுப்பு திரும்பியிராது. அடைபட்டுக் காய்ந்த நிலம் அமிழ்ந்து கிடந்தது. ஓக்லாந்து துறைமுகத்தை ஆழப்படுத்தியபோது அள்ளிய சேற்றைக் கொண்டுவந்து கொட்டி, ஓடுபாதையைப் புதைத்து, நிலத்தை உயர்த்திய பிறகே கடல் வந்தது. பெரிய கப்பல்களின் வணிகம் வெளியேற்றிய சேறுதான் பறவைகளின் 'இயற்கை'. அங்கே மீட்பு என்பது சேற்றைக் கொட்டுவது. நம் ஊரில் சேற்றை அள்ளுவது. ஒரே சொல், நேரெதிரான இரண்டு வேலைகள். ஆகவே பழைய நிலைக்குத் திரும்புதல் என்று ஒன்று இல்லை. இன்றைய தேவையை ஒட்டி யாரோ ஒரு நிலையைத் தேர்ந்தெடுக்கிறார்கள், அவ்வளவுதான்.

எந்தக் காலத்துக்கு மீட்பது என்ற கேள்வி பெரம்பலூர், அரியலூர் மண்ணில் விபரீதமான நீளம் கொள்கிறது. இது ஒருகாலத்தில் கடற்கரை. பத்துக்கோடி ஆண்டுகளுக்கு முந்தைய கடலின் சிப்பிகளும் நத்தைக்கூடுகளும் காரைப் பகுதி ஓடைகளில் இன்றும் கிடைக்கின்றன. சாத்தனூரில் கல்லாகிப்போன மரம் கிடக்கிறது. அந்தக் கடலின் சுண்ணாம்புதான் இன்றைய சிமெண்ட். கடலின் நினைவை வெட்டி எடுத்துவிட்டு, மிச்சமான பள்ளத்தில் மழைத்தண்ணீர் தேங்கினால் அதையும் நீர்நிலை என்று கணக்கில் காட்டிவிடலாம். தண்ணீர் நிற்கிற இடமெல்லாம் ஏரியா? வரத்து, மடை, போக்கு, ஆயக்கட்டு, மீன்பிடி, மேய்ச்சல் என்ற உறவுகளின் தொகுப்புக்குத்தான் ஏரி என்று பேர். உறவு அறுந்தால் அது பள்ளம்.

மூன்றாவது கேள்வி: யாரிடமிருந்து? தமிழ்நாடு ஏரிகள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டம் 2007இல் வந்தது. சட்டத்தின் கண்ணில் ஏரிப்புறம்போக்கில் குடிசை போட்டவரும் ஆக்கிரமிப்பாளர், அதே புறம்போக்கை வளைத்துக் கட்டிடம் எழுப்பியவரும் ஆக்கிரமிப்பாளர். பெயர் ஒன்றுதான்; ஆனால் பொக்லைன் முதலில் எந்தப் பக்கம் திரும்பும் என்று நமக்குத் தெரியும். கரையோரம் ஏன் குடியேறினார்கள் என்று கேட்டால் பதில் சாதியில் இருக்கிறது: ஊருக்குள் நிலம் இல்லாதவர்கள் வேறு எங்கே போவார்கள்? வண்டலுக்கும் இதே கதை. நீர்நிலைகளில் கட்டணமில்லாமல் வண்டல் எடுக்க 2024இல் விதிகள் எளிதாக்கப்பட்டன. வட்டாட்சியர் அனுமதி போதும். மண்பாண்டத் தொழிலாளருக்கு அதில் இடம் உண்டு. மற்றபடி நிலம் வைத்திருப்பவன் ஆவணத்தைக் காட்டி அள்ளலாம். அந்த ஏரியில் மண் சுமந்த பரம்பரைக்கு நிலமில்லை, ஆகையால் வண்டலும் இல்லை.

இதற்கெல்லாம் மாற்று உண்டா என்றால், அதே மாவட்டத்தில் கரைவெட்டி ஏரி இருக்கிறது. கால்வாய்வழி வரும் காவிரித் தண்ணீரில் நிறைந்து, பாசனத்துக்கும் பயன்பட்டு, வலசைப் பறவைகளுக்கும் இடம் கொடுக்கும் இந்த ஏரி 2024 ஜனவரியில் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. கரைவெட்டி முழுமையான முன்மாதிரி என்று சொல்லவில்லை. அங்கே பட்டைத்தலை வாத்து எந்த மன்னனின் வெற்றியையும் நினைவுகூர வரவில்லை, தண்ணீருக்கு வருகிறது என்பதுதான் செய்தி. ஒரு நீர்நிலை உயிரோடு இருக்கத் தூண் தேவையில்லை, வரத்து தேவை.

பொன்னேரியில் என்ன கேட்க வேண்டும்? படகுத்துறைக்கும் சிலைக்கும் முன்னால் வரத்து வாய்க்கால். ஆக்கிரமிப்பை அகற்றும் முன் மாற்று நிலம், அதுவும் பட்டாவோடு. வண்டலில் நிலமற்றவர்க்குப் பங்கு. மீன் குத்தகை ஏலத்துக்குப் போகும்முன் கரையோரத்து மக்களின் சங்கத்துக்கு முன்னுரிமை. இவற்றில் ஒன்றுகூடச் செப்பேட்டில் இல்லை. மாமன்னன் மறந்துவிட்டான் என்று விட்டுவிடலாம். இப்போது எழுதப்படும் திட்ட அறிக்கையிலும் இல்லாமல் போனால் அதற்குப் பெயர் மறதி அல்ல. 'சோழகங்கம்' என்று பெயர்ப்பலகை வைக்கப்படும் நாளில், 'பொன்னேரி' என்று கூப்பிடுகிற வாய்களுக்கு அங்கே பேச இடம் இருக்கிறதா என்பதை வைத்தே இந்த மீட்பை மதிப்பிட வேண்டும்.