பனியும் பாதமும்

உணவை உறையவைத்து, சுற்றியுள்ள காற்றை உறிஞ்சி எடுத்து, உள்ளே இருக்கும் பனி நீராக உருகாமலேயே ஆவியாகும்படி செய்கிற உறைஉலர்த்தி இயந்திரங்கள் இன்று அமெரிக்க வீடுகள் வரை வந்துவிட்டன. அவற்றின் பயனை நான் மறுக்கவில்லை. ஆனால் என் மனம் லயித்துக் கிடப்பது பொலிவியாவிலும் தென் பெருவிலும் அய்மாரா, கெச்சுவா குடும்பங்கள் திறந்தவெளியில் செய்கிற சுன்யோ என்ற உலர் உருளைக்கிழங்கில்தான். இன்காக்களின் காலத்துக்கு முன்பிருந்தே வரும் கைப்பக்குவம் அது. கால்பக்குவம் என்றால் இன்னும் பொருந்தும்.

டிட்டிகாக்கா ஏரியைச் சுற்றிய மேட்டுநிலம் கடல்மட்டத்துக்கு மேல் 3,800 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஜூன், ஜூலையில் அங்கே குளிர்காலம். வானில் மேகம் இருக்காது. பகலில் வெயில் தோலைச் சுடும். இரவில் தேங்கிய நீர் கட்டியாகும். காற்றில் ஈரப்பசையே இராது. இத்தனை கடுமையான நிலத்தில் லுக்கி என்ற கசப்பு உருளைக்கிழங்கு உறைபனிக்கு அஞ்சாமல் விளைகிறது. அதிலுள்ள ஆல்கலாய்டு நஞ்சால் அதை அப்படியே அவித்து உண்ண முடியாது. கசப்பையும் நீரையும் ஒருசேர வெளியேற்றத்தான் சுன்யோ.

கிழங்குகளை முதலில் அளவு பார்த்துப் பிரிக்கிறார்கள். சிறிதும் பெரிதும் கலந்திருந்தால் ஒன்று முழுக்க உறைந்திருக்கும்போது இன்னொன்றின் நடுப்பகுதி பச்சையாகவே இருக்கும். பிறகு சமதரையில் ஒற்றை அடுக்காகப் பரப்புகிறார்கள். இரவில் உள்ளிருக்கும் நீர் பனிப்படிகமாகி விரிந்து செல்சுவர்களைக் கிழிக்கிறது. பகலில் உருகுகிறது; மறு இரவு மீண்டும் உறைகிறது. சில இரவுகளில் கிழங்கு தன் பிடியை விட்டுவிடும். தொட்டால் நீர் ஊறிய பஞ்சுபோலக் குழையும்.

நான் வியந்து நிற்பது அடுத்த கட்டத்தில். குழைந்த கிழங்குகளைச் சிறு குவியல்களாகக் கூட்டி, வெறுங்காலால் மிதிக்கிறார்கள். அழுத்தம் கூடினால் கிழங்கு நசுங்கிக் கூழாகும். குறைந்தால் நீர் உள்ளேயே தங்கும். பாதத்தை உருட்டி உருட்டி மிதிக்கையில் தோல் கழன்று வர வேண்டும். கிழங்கு மட்டும் உருக்குலையாமல் இருக்க வேண்டும். எது இன்னும் உருகவில்லை, எது போதுமான அளவு வடிந்துவிட்டது என்பதை உள்ளங்கால் சொல்லிவிடும். அந்தக் குளிரில், உறைந்து உருகிய நீரில் நின்றுகொண்டு இவ்வளவு நுணுக்கம்! வெற்றிடப் பம்பு செய்கிற வேலையில் பெரும்பங்கை இங்கே ஒரு குதிகால் செய்துவிடுகிறது. மிச்ச ஈரத்தை வெயிலும் வறண்ட காற்றும் சில நாட்களில் குடித்துவிடும்.

கடைசியில் கிடைப்பது கறுத்துச் சுருங்கிய, கூழாங்கல் போன்ற ஒன்று. கல் என்று நினைத்து எடுத்தால் கனமே இருக்காது. ஏறக்குறைய ஐந்து கிலோ கிழங்கு ஒரு கிலோ சுன்யோவாகும். ஈரம் படாமல் வைத்தால் ஆண்டுக்கணக்கில் கெடாது. இன்காக்களின் களஞ்சியங்களில் இதற்கு இடம் இருந்தது. பொத்தோசி வெள்ளிச் சுரங்கத்துத் தொழிலாளர்களுக்கு இதை விற்றே ஸ்பானியர் சிலர் செல்வந்தரானதாகப் பதினாறாம் நூற்றாண்டில் ஸ்பானிய வரலாற்றெழுத்தாளர் சியெசா தெ லெயோன் எழுதினார். கிழங்கை மிதித்தவர்களுக்கு அந்தச் செல்வம் போகவில்லை என்பது எனக்கு உறுத்துகிறது.

வெள்ளை வகையான துந்தா இன்னும் நுட்பமானது. உறைந்த கிழங்கின் மேல் வெயில் படக்கூடாது, பட்டால் கறுத்துவிடும். அதனால் பகலில் வைக்கோல் போட்டு மூடி, பின்பு ஓடும் நீரில் வாரக்கணக்கில் ஊறவிடுகிறார்கள். ஓடை கசப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக அரித்துக்கொண்டு போகிறது. மிதித்து உலர்த்திய பின் சுண்ணாம்புக்கட்டியின் வெண்மை வந்துவிடும்.

சமைக்கும்போது கறுப்பு சுன்யோவை முந்தைய இரவே ஊறப்போட்டு, தண்ணீரை மாற்றி மாற்றிப் பிழிகிறார்கள். லா பாஸ் நகரத்துச் சாய்ரோ சூப்பில் அது ஆட்டிறைச்சியின் சாற்றை இழுத்துக்கொண்டு ததும்பும். பல்லில் லேசான இழுவை, பின்னால் ஒரு மண்வாசனை. துந்தாவுக்கு இவ்வளவு வாசம் கிடையாது. அதை ஊறவைத்து, நடுவில் கீறி, ஒரு துண்டுப் பாலாடைக்கட்டியைச் செருகி ஆவியில் வேகவைப்பார்கள். கட்டி இளகி, கிழங்கில் நீர் இருந்த இடமெல்லாம் ஊறிப் பரவும்.