பட்டவர்தான் தேற்ற வேண்டுமா?

போரில் அடிபட்ட பிள்ளையைத் தேற்றத் தகுந்தவர் போரில் அடிபட்டவரே. வட இலங்கையில் உளசமூகப் பணி செய்வோரிடையே இந்தக் கருத்தை மறுப்பவர் அரிது. தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்று ஊரும் சொல்கிறது. இதற்குப் பின்னால் ஒரு கசப்பும் உண்டு. 2004 கடற்கோளுக்குப் பிறகு மொழியும் வழக்கமும் தெரியாத ஆலோசகர்கள் கூட்டம் கூட்டமாக இலங்கையில் வந்திறங்கினார்கள். அமெரிக்க எழுத்தாளர் ஈதன் வாட்டர்ஸ் 2010இல் வெளியிட்ட நூலில் அதை விரிவாகப் பதிவு செய்திருக்கிறார். அந்தக் காலத்தைக் கண்டவர்களுக்கு, நம் பிள்ளைகளை நாமே பார்த்துக்கொள்வோம் என்று தோன்றியதில் வியப்பில்லை.

அந்த எண்ணத்தின் நியாயம் வேறு, அது உண்மையா என்பது வேறு. பட்டறிவு எதைச் செய்கிறது, எதைச் செய்வதில்லை என்பதை உரசிப் பார்க்காமல் அதைத் தகுதிச் சான்றாக ஏற்பது பிள்ளைகளுக்கும் நல்லதல்ல, அந்த வேலையைச் செய்பவர்களுக்கும் நல்லதல்ல.

முதலில் அதன் பலம். கிளிநொச்சியில் ஒரு வகுப்பறையை நினைத்துக்கொள்ளுங்கள். வெளியிலிருந்து வந்த ஒருவர் பிள்ளையோடு நெருங்கிப் பழக நினைத்து, "அப்பா என்ன வேலை செய்யிறார்?" என்று கேட்கிறார். காணாமல் ஆக்கப்பட்டவரின் பிள்ளைக்கு அதற்கு விடை இல்லை. "செய்தவர்" என்றால் அப்பாவைத் தானே சாகடித்ததாகிவிடும். "செய்யிறார்" என்றால் அடுத்த கேள்வி வரும். உள்ளூர் ஆசிரியை அந்தக் கேள்வியைக் கேட்கவே மாட்டார். "வீட்டில ஆரார் இருக்கிறீங்கள்?" என்பார், பிள்ளை சொல்ல விரும்புவதை மட்டும் சொல்லும். 2017 பெப்ரவரியில் அந்த நகரின் வீதியோரத்தில், காணாமல் ஆக்கப்பட்டவர்களைத் தேடும் தாய்மார் கொட்டகை போட்டு உட்கார்ந்தபோது, எந்தப் பிள்ளையின் அம்மம்மா அங்கே இருக்கிறார் என்பதும் அந்த ஆசிரியைக்குத் தெரிந்திருக்கும். இந்த அறிவு எந்தப் பட்டப்படிப்பிலும் கிடைக்காது.

இதற்கு ஆய்வுச் சான்றும் இருக்கிறது. தாமஸ் எல்பர்ட் குழுவினர் 2009இல் வெளியிட்ட ஆய்வில், வட கிழக்கின் 420 தமிழ்ப் பாடசாலைப் பிள்ளைகளிடம் பேசியவர்கள் பயிற்சி பெற்ற உள்ளூர் ஆசிரியர்களே. 92 வீதமான பிள்ளைகள் குண்டுவீச்சு, ஷெல்லடி, நெருங்கியவர் சாவதைக் காணுதல் போன்ற கொடுமைகளில் ஏதோவொன்றைக் கடந்திருந்தார்கள். நால்வரில் ஒருவருக்கு நெருக்கீட்டுக்குப் பிற்பட்ட மனவடு நோய் இருந்தது. அனுபவம் மிக்க உளவியலாளர்கள் 67 பிள்ளைகளைத் தனியே மறுபடி சோதித்தபோது, ஆசிரியர்களின் கணிப்பு நம்பத்தக்கது என்று தெரிந்தது.

கண்டறிவது ஒன்று, குணப்படுத்துவது இன்னொன்று. கிளாடியா கட்டானி குழுவினர் கடற்கோள் வந்து சில கிழமைகளிலேயே வட கிழக்குக் கரையோர முகாமொன்றில் 31 பிள்ளைகளுக்குச் சிகிச்சை கொடுத்துப் பார்த்தார்கள். கொடுத்தவர்கள் இங்கும் உள்ளூர் ஆட்களே. ஒரு பகுதியினருக்குக் கிட்நெட் என்ற கதைசொல்லல் முறை, மற்றவர்களுக்குத் தியானமும் தளர்வுப் பயிற்சியும், ஒவ்வொன்றும் ஆறு அமர்வுகள். ஆறு மாதங்களின் பின் முதற்பிரிவில் 81 வீதமும் இரண்டாம் பிரிவில் 71 வீதமும் நோயின் வரையறையிலிருந்து மீண்டிருந்தார்கள்.

கிட்நெட் முறை எப்படி நடக்கிறது என்பதைச் சொல்ல வேண்டும், இந்த விவாதத்தின் முடிச்சு அங்கேதான் இருக்கிறது. தரையில் ஒரு கயிறு. அது பிள்ளையின் வாழ்க்கை. நல்லது நடந்த இடத்தில் பிள்ளை ஒரு பூவை வைக்கும், கெட்டது நடந்த இடத்தில் ஒரு கல்லை வைக்கும். பிறகு முதலிலிருந்து கதை சொல்லும். கேட்பவர் எழுதிக்கொள்வார். அடுத்த அமர்வில் எழுதியதை வாசித்துக் காட்டுவார்; "இல்லை, அப்ப மழை பெய்யேல்லை" என்று பிள்ளை திருத்தும். கடைசியில் அந்தக் கதை எழுத்தில் பிள்ளையின் கைக்கே போகும். கேட்பவர் அதே ஷெல்லடியில் ஓடியவராகவும் இருக்கலாம். பிள்ளை ஒரு கல்லை எடுக்கும்போது அவர் நெஞ்சிலும் ஒரு கல் அசையும். அந்தக் கல்லைப் பிள்ளையின் கயிற்றில் வைத்துவிடாமல் இருப்பதுதான் அவர் வேலை. மழை பெய்ததாக அவருக்கு நன்றாக நினைவிருந்தாலும், பிள்ளை இல்லை என்றால் இல்லைதான். பட்டதால் மட்டும் இந்தக் கட்டுப்பாடு வந்துவிடாது. பயின்றுதான் வரும்.

கட்டானியின் எண்களை வைத்துக்கொண்டு பட்டறிவு வென்றது என்று சொல்பவர்களிடம் இரண்டு குறைகளைச் சுட்டலாம். சிகிச்சையே பெறாத பிள்ளைகள் ஒப்பீட்டில் இல்லை. கடற்கோளுக்குப் பிந்திய மாதங்களில் பல பிள்ளைகள் தாமாகவே தேறியிருக்கலாம். அதோடு, வெளியாள் கொடுத்த சிகிச்சையோடும் ஒப்பிடவில்லை. ஆகவே அந்த ஆய்வு காட்டுவது, பயிற்சி பெற்ற உள்ளூர் ஆளால் இதைச் செய்ய முடியும் என்பதை மட்டுமே. அதுவே பெரிய விடயம். ஆனால் அவரால்தான் முடியும் என்பதற்கு அது சான்றல்ல.

இனி, இந்த விவாதத்தில் அதிகம் பேசப்படாத ஆய்வு. வீட்ஸ் டொல் குழுவினர் இலங்கையில் நடத்தி 2012இல் வெளியிட்டது. 9 முதல் 12 வயது வரையான 399 பிள்ளைகள், பாடசாலையில் 15 அமர்வுகள், நடத்தியவர்கள் உள்ளூரில் தேர்ந்தெடுத்துப் பயிற்றப்பட்ட, நிபுணரல்லாதவர்கள். முக்கியமாக அளக்க நினைத்த அறிகுறிகளில், பிள்ளைகளை ஒட்டுமொத்தமாகப் பார்த்தால், பயன் எதுவும் தெரியவில்லை. நடத்தைச் சிக்கல்கள் குறைந்தன. ஆண் பிள்ளைகள் சிலவற்றில் கூடுதலாகத் தேறினார்கள். பெண் பிள்ளைகளின் முடிவு நெஞ்சைக் குத்துகிறது: அமர்வுகளுக்கு வந்தவர்களை விட, முறைக்காகக் காத்திருந்த பெண் பிள்ளைகளுக்கே மனவடு அறிகுறிகள் அதிகம் குறைந்திருந்தன. அதே மண்ணில் வாழ்ந்தவர், அதே மொழி பேசியவர், நல்ல மனத்தோடு செய்த வேலைதான் இது. நல்ல மனமும் ஒத்த துயரமும் பிள்ளைக்குக் கெடுதி வராமல் காக்கப் போதாது என்பதை நாம் நேராகப் பார்த்தாக வேண்டும்.

ஒத்த துயரம் இரக்கத்தைக் கூட்டும் என்பதையும் அப்படியே ஏற்க முடியவில்லை. அமெரிக்காவில் ரேச்சல் ரட்டனும் இன்னும் இருவரும் 2015இல் வெளியிட்ட சோதனைகளில், சிறுவயதில் சக மாணவரின் கொடுமைக்கு ஆளானவர்கள், அதே கொடுமையைத் தாங்க மாட்டாமல் வெடித்த ஒரு பையனைப் பற்றி வாசித்தார்கள். அவனிடம் மற்றவர்களை விடக் குறைவாகவே இரங்கினார்கள். தான் கடந்துவிட்ட வலியின் கூர்மை நினைவில் மழுங்கிவிடுகிறது. கடக்கலாம் என்பது மட்டும் உறுதியாக நிற்கிறது. அமெரிக்கப் பெரியவர்களிடம் கண்டதை வன்னிக்கு அப்படியே பொருத்த முடியாதுதான். ஆனாலும் "நாங்களும் இதெல்லாம் கண்டுதான் வந்தனாங்கள், நீ மட்டும் ஏன் இப்பிடி?" என்ற வாக்கியம் நம் வகுப்பறைகளுக்கு அந்நியமா? அதைச் சொல்பவர் பெரும்பாலும் பட்டவர்தான்.

டொல்லின் ஆய்வில் இன்னொரு செய்தி இருக்கிறது. என் தீர்ப்பு அதன் மேல்தான் நிற்கிறது. அன்றாட வாழ்வில் போரின் நெருக்கடி குறைவாக இருந்த பிள்ளைகளுக்கே அமர்வுகள் அதிகம் பயன்பட்டன. பிள்ளையை வாட்டுவது பழைய நாள் மட்டுமல்ல, இன்றைய நாளும்தான். கட்டானி குழுவினர் 296 தமிழ்ப் பிள்ளைகளிடம் நடத்தி 2008இல் வெளியிட்ட ஆய்வும் இதையே சொல்கிறது: போரோடும் கடற்கோளோடும் வீட்டு வன்முறையும் பிள்ளையின் மனநிலையோடு பின்னிக் கிடந்தது; அந்த வன்முறையோடு தகப்பனின் குடி பின்னிக் கிடந்தது. பாதிப்பை உள்ளத்துக்குள் மட்டுமன்றி, அறுந்துபோன உறவுகளிலும் இலங்கை மக்கள் காண்கிறார்கள் என்று உளவியலாளர் காயத்ரி ஃபெர்னாண்டோ எழுதியதையும் இதோடு சேர்த்துப் பார்க்கிறேன்.

ஆகவே பட்டறிவின் உண்மையான மதிப்பு "எனக்கும் அதே நடந்தது" என்பதில் இல்லை. இந்தப் பிள்ளை இன்றிரவு எந்த வீட்டுக்குத் திரும்பப் போகிறது என்பது தெரிந்திருப்பதில்தான் இருக்கிறது. ஷெல்லடியில் ஒரு நாளும் ஓடாத, ஆனால் அதே ஊரில் பல ஆண்டுகள் பிள்ளைகளோடு இருந்த ஒருவரிடம் அந்த அறிவு இருக்கலாம். ஷெல்லடியில் ஓடி, பிறகு கொழும்பிலோ ரொறன்ரோவிலோ வாழ்ந்து, ஒரு மாதப் பணிக்காகத் திரும்பி வந்த ஒருவரிடம் அது இல்லாமலும் இருக்கலாம்.

பட்டவர்களை இந்தப் பணியில் சேர்க்க வேண்டும். பட்டம் இல்லை என்பதற்காக அவர்களை வாசலில் நிறுத்தக்கூடாது. ஆனால் நேர்முகத் தேர்வில் தன் காயத்தைத் திறந்து காட்ட வேண்டிய நிலை எவருக்கும் வரக்கூடாது. கணவனைத் தேடிக்கொண்டிருக்கும் ஒரு பெண்ணை, தகப்பனைத் தேடும் பிள்ளைகளின் நடுவே தனியே விட்டுவிட்டு, அவருக்குத்தான் எல்லாம் புரியும் என்று நாம் நிம்மதியாக இருப்பது அவருக்குச் செய்யும் கொடுமை. தன் கதை எங்கே பிள்ளையின் கதைக்குள் நுழைந்தது என்பதை அவர் மூத்த ஒருவரிடம் அச்சமின்றிச் சொல்ல ஓர் இடம் வேண்டும். கேட்ட சுமையை இறக்கி வைக்கவும் ஒரு நாள் வேண்டும். சம்பளத்தோடு.

உதவிப் பணம் பெரும்பாலும் பயிற்சிப் பட்டறைகளுக்குப் போகிறது. படம் எடுத்து அறிக்கையில் போட அதுவே வசதி. மாதமொரு முறை மூத்த உளவளத்துணையாளர் வந்து, இந்தப் பணியாளர்களோடு கதவைச் சாத்திக்கொண்டு இரண்டு மணி நேரம் பேசுவதைப் படம் எடுக்க முடியாது. கையில் இருக்கும் காசு ஒன்றுக்குத்தான் போதும் என்றால், அடுத்த பட்டறையை நிறுத்திவிட்டு இதற்குக் கொடுங்கள் என்பேன்.