சர்வர் கோரும் தொலைமேலாண்மையும்: ஒரு விமர்சனம்

விண்டோஸ் சர்வர் 2008 உடன் மைக்ரோசாப்ட் அறிமுகப்படுத்திய சிறும நிறுவல் வகையே சர்வர் கோர். மேசைத்தளமோ உலாவியோ இதில் இல்லை. உள்நுழைந்ததும் ஒரு கட்டளைச் சாளரம் மட்டும் திறக்கும். நிரல்கள் குறைந்தால் தாக்குதலுக்கான வழிகளும், திருத்தங்களுக்காகச் செய்யும் மறுதொடக்கங்களும் குறையும் என்பதே இதன் நோக்கம். அதில் பிழையில்லை. ஆனால் திரையை எடுத்துவிட்டால் தொலைவிலிருந்து நிர்வகிக்கும் வழி எளிதாக இருக்க வேண்டும். மைக்ரோசாப்ட் சறுக்கியது அங்கேதான்.

முதல் பதிப்பில் டாட்நெட் சேர்க்கப்படவில்லை. ஆகவே அதை நம்பியிருந்த பவர்ஷெல்லும் அதில் ஓடவில்லை. திரையில்லாத சர்வருக்கு மிகவும் தேவையான கருவியே இல்லை என்பது வேடிக்கைதான். 2008 ஆர்2 பதிப்பு அதைச் சரிசெய்தது.

பெரிய சிக்கல் வேறு. இந்த ஏற்பாடு முழுவதும் டொமைன் உள்ள நிறுவனங்களை மனத்தில் வைத்து அமைந்தது. டொமைனில் கெர்பரோஸ் நெறிமுறை இருபுறமும் அடையாளத்தைச் சரிபார்க்கிறது. டொமைன் இல்லாத கல்லூரி ஆய்வகத்திலோ சிறு அலுவலகத்திலோ அந்த வசதி கிடையாது. அங்கே நிர்வாகியின் கணினியில் 'டிரஸ்டட்ஹோஸ்ட்ஸ்' பட்டியலில் சர்வரின் பெயரைச் சேர்த்தால்தான் 5985 ஆம் துறைவழியே இணைய முடியும். அப்போதும் எதிரே இருப்பது உண்மையான சர்வர்தானா என்று சரிபார்க்கப்படுவதில்லை. அலுத்துப்போனவர்கள் பட்டியலில் * என்று இட்டு எல்லாக் கணினிகளையும் நம்பிவிடுகிறார்கள். சர்வரில் அடைத்த ஓட்டைக்குப் பதிலாக நிர்வாகியின் கணினியில் ஒன்று திறக்கிறது. சான்றிதழுடன் 5986 ஆம் துறையைப் பயன்படுத்துவதே முறை. ஆனால் அதை அமைக்கும் வேலை புதியவரை மிரட்டும்.

லினக்ஸ் சர்வர்களில் எஸ்எஸ்ஹெச் முதல் இணைப்பிலேயே சர்வரின் திறவியைக் குறித்துவைத்து, பின்னர் அது மாறினால் எச்சரிக்கும். அந்த முதல் இணைப்பில் ஏமாற இடமுண்டு என்றாலும், டொமைன் ஏதுமின்றி இவ்வளவு காவல் கிடைக்கிறது. விண்டோஸ் சர்வரில் ஓப்பன்எஸ்எஸ்ஹெச் விருப்பக்கூறாக வந்தது 2019 பதிப்பில்தான்.

இன்னும் ஒன்று. 2012 பதிப்பில் வரைகலை இடைமுகத்தைப் பின்னர் சேர்க்கவும் நீக்கவும் முடிந்தது. 2016 பதிப்பு அந்த வாய்ப்பைப் பறித்தது. இப்போது மனம் மாறினால் மறுநிறுவல்தான். அதே 2016 இல் இன்னும் மெலிதாக வந்த நானோ சர்வர், அடுத்த ஆண்டே கன்டெய்னர்களுக்கான அடிப்படைப் படிமமாகச் சுருங்கியது.

2018 இல் வந்த விண்டோஸ் அட்மின் சென்டர் உலாவி வழியாகப் பல பணிகளை எளிதாக்கியது உண்மை. ஆனால் அதுவும் உள்ளே இதே வின்ஆர்எம் வழியைத்தான் நம்பியிருக்கிறது. டொமைன் இல்லாதவருக்கு டிரஸ்டட்ஹோஸ்ட்ஸ் தொல்லை அங்கும் தொடர்கிறது.