வறுமை குறித்த அரசியல் உரைகளில் தன்மையிடம்

வறுமையைப் பற்றி ஆட்சியாளர் பேசும்போது அவ்வுரையில் இடம்பெறுவோர் யார் என்பது ஆராயத்தக்கது. 1971 தேர்தலில் இந்திரா காந்தி முன்வைத்த ‘கரீபி ஹட்டாவோ’ வறுமையை அகற்றச் சொன்னது. வறியவர் அம்முழக்கத்தில் இல்லை. 2011இல் திட்டக்குழு உச்ச நீதிமன்றத்தில் அளித்த பிரமாணப் பத்திரத்தில் அவர் ஓர் எண்ணாயினார்: நாளொன்றுக்கு நகரில் 32 ரூபாய், சிற்றூரில் 26 ரூபாய். கல்வியும் மருத்துவமும்கூட அத்தொகைக்குள் அடக்கப்பட்டன.

பின்னர் அவ்விடத்தில் ‘நான்’ வந்தமர்ந்தது. 2013இல் மும்பையில் 12 ரூபாய்க்குத் தம்மால் வயிறார உண்ண இயலும் என்றார் காங்கிரசின் ராஜ் பப்பர். பிறகு வருத்தமும் தெரிவித்தார். 2019 டிசம்பரில், வெங்காய விலை உயர்ந்திருந்தபோது, மக்களவையில் எழுந்த குறுக்கீட்டுக்கு விடையாக, தாம் வெங்காயமும் பூண்டும் மிகுதியாக உண்பதில்லை என்றார் நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன். விலையைக் கட்டுப்படுத்தும் நடவடிக்கைகளையும் அவர் விளக்கினார். எனினும் நினைவில் நின்றது அவ்விடையே. கட்சிகள் வேறு, இலக்கணம் ஒன்று. படர்க்கையாரைப் பற்றிய வினாவுக்குத் தன்மையில் விடை.

புறநானூற்றில் குமணனை நாடிய பெருஞ்சித்திரனாரும் தன்மையிலேயே பேசுகிறார். ஆனால் அங்குப் பேசுபவர் பசித்தவர், கேட்பவன் தலைவன். இங்கோ கேட்க வேண்டியவரே பேசுகிறார்.

இதனை வெறும் நாப்பிழை என ஒதுக்குதல் பொருந்தாது. 1997இல் தொடங்கிய இலக்குசார் பொது வினியோக முறையில், மாநிலந்தோறும் எத்தனை குடும்பங்களுக்கு மலிவு விலைத் தானியம் என்பதைத் திட்டக்குழுவின் வறுமை மதிப்பீடே வரையறுத்தது. வறியவர் குரல் இடம்பெறாத உரையில் பிறக்கும் எண், அவர் உலையில் ஏறும் அரிசியையும் அளந்துவிடுகிறது.