முகம் தெரியாத படமும், முகமே பேசும் படமும்

பெரியோர் படம் என்றதும் நம் நினைவுக்கு வருவது எது? மார்பளவு உருவம், அசையாப் பார்வை, சட்டத்தின் மேலே காய்ந்த மாலை! அப்படத்தை நாம் பார்ப்பதில்லை, வணங்குகிறோம். வணங்கும் கண் ஆராய்வதில்லை.

வகுப்பிலே ஒருநாள் ரைட் சகோதரர்களின் நிழற்படத்தைக் காட்டினோம். 1903 டிசம்பர் 17ஆம் நாள், அமெரிக்காவின் கிட்டி ஹாக் அருகே மணல்வெளியில் எடுக்கப்பட்டது. "முகமே தெரியவில்லையே ஐயா, இதில் பெரியவர் யார்?" என்றான் மாணவன் ஒருவன்.

நல்ல கேள்வி! ஆர்வில் விமானத்தின் கீழிறக்கைமீது குப்புறப் படுத்திருக்கிறார். உடன் ஓடிவந்த வில்பர், நமக்கு முதுகு காட்டி நிற்கிறார். மணலில் காலடித் தடங்கள். இறக்கைக்கும் தரைக்கும் இடையே சிறிதளவு வெளி. அந்த வெளிதான் இப்படத்தின் முகம்! 12 விநாடி, 120 அடி. அவ்வளவே அந்தப் பறத்தல். மிதிவண்டிக் கடை நடத்திய இருவர், கல்லூரி வாயிலை மிதியாதவர்கள், செய்து காட்டினர். படம் பிடித்தவரும் கலைஞரல்லர். கடலோர உயிர்காப்பு நிலைய ஊழியர் ஜான் டேனியல்ஸ். ஆர்வில் நிறுத்தி வைத்த கேமராவின் குமிழை அழுத்தினார், அவ்வளவுதான். குலமும் பட்டமும் இல்லை, செயல் இருக்கிறது. ஆகவே இது சிறந்த படம் என்கிறோம்.

அப்படியானால் முகம் வேண்டியதே இல்லையா? அவசரப்பட வேண்டாம். பெஸ்ஸி கோல்மனின் படத்தைப் பாருங்கள். தோல் தொப்பி, அதன்மேல் ஏற்றிவிட்ட காற்றுக் கண்ணாடி, நேர்கொண்ட பார்வை. இங்கே முகம்தான் எல்லாம். ஏனெனில், அந்த முகத்தின் நிறத்தைக் கண்டுதானே கதவுகள் மூடப்பட்டன!

டெக்சாஸ் மாநிலத்தின் பருத்திக் காடுகளிடையே வளர்ந்தவர். சிகாகோவில் நகம் திருத்தும் தொழில் செய்தவர். கறுப்பர், அதிலும் பெண் என்று அமெரிக்கப் பறப்புப் பள்ளிகள் அவரைச் சேர்க்க மறுத்தன. 'சிகாகோ டிபெண்டர்' இதழாசிரியர் ராபர்ட் அபட், பிரான்சுக்குச் செல்லுமாறு ஊக்கினார். பெஸ்ஸி பிரெஞ்சு கற்றார், கடல் கடந்தார், 1921 ஜூன் 15இல் உரிமம் பெற்றார். வானத்துக்கு வழி திறந்த நாடு, 18 ஆண்டுகளுக்குப் பின்னும் தன் மகளுக்குப் பள்ளிக் கதவைத் திறக்கவில்லை! நாடு திரும்பியவர், கறுப்பரை உள்ளே விடாத காட்சிகளில் பறக்க மறுத்தார். கறுப்பருக்கெனப் பறப்புப் பள்ளி அமைக்கும் கனவு நிறைவேறுமுன், 1926 ஏப்ரல் 30இல் விமான விபத்தில் மாண்டார்.

1995இல் அவர் முகத்தை அமெரிக்க அரசு தபால்தலையில் பொறித்தது. மகிழ்ச்சி! ஆயினும் நம் குறை ஒன்றுண்டு. முகம் வந்தது; மூடிய கதவு அப்படத்தில் வரவில்லை. "விமானி உரிமம் பெற்ற முதல் அமெரிக்கக் கறுப்பினப் பெண்" என்று படத்தின் கீழ் எழுதி முடித்துவிடுகிறோம். 'முதல்' என்ற பெருமைச் சொல்லுக்குள்ளே, தடுத்தவர்களின் சிறுமையும் மறைந்திருப்பதை யார் எழுதுவது?

நாம்தான் எழுத வேண்டும். இரு படங்களையும் வகுப்புச் சுவரில் அடுத்தடுத்து மாட்டுவோம். மாலை வேண்டாம். முதற்படத்தைக் கண்டு, 'எப்படிச் செய்தார்கள்?' என்று மாணவன் கேட்கட்டும். அடுத்ததைக் கண்டு, 'ஏன் தடுத்தார்கள்?' என்று கேட்கட்டும். இவ்விரு கேள்விகளையும் எழுப்பாத படம், எத்துணை அழகிய சட்டத்தில் இருந்தாலும், சுவரை மறைக்கும் அட்டையே!